விபத்து என்று எழுத விடாதீர்கள்

பிப்ரவரி 12 என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அச்சங்குளம்தான் நினைவுக்கு வரும். 2021-இல் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் பற்றிய தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதே பிப்ரவரி 12-இல், எட்டு வருஷத்துக்கு முந்தி, காரைக்கால் வினோதினி சென்னையில் இறந்தார். தீபாவளிக்கு ஊருக்கு வந்துவிட்டு, மறுநாள் இரவு, 2012 நவம்பர் 14 அன்று, வேலைக்குத் திரும்பக் கிளம்பிய இளம் பொறியாளர். கல்யாணத்துக்கு மறுத்தார் என்று ஒருவன் முகத்தில் திராவகத்தை வீசினான். இரண்டு கண்ணும் போயின. மூன்று மாதம் போராடினார்.

தீக்காய வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும் இரண்டு பேரைப் பார்த்து, எவர் வெடிமருந்தில் வெந்தவர், எவர் திராவகத்தில் வெந்தவர் என்று போகிற வருகிறவர்களால் சொல்ல முடியாது. சட்டம் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்லும். அச்சங்குளம் வெடிவிபத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்றும், காயம்பட்டவர்களுக்குத் தீக்காயத்தின் அளவுக்கு ஏற்பவும் இழப்பீடு நிர்ணயித்தது. யார் மனசில் என்ன இருந்தது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ஆலை நடந்தது, ஆள் வெந்தார், நடத்தியவர் கொடுக்க வேண்டும். திராவக வழக்கு நேர்மாறு. ஒருவன் தெரிந்தே, வேண்டுமென்றே ஊற்றினான் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி.

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே வந்து நிற்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தீக்காயம் என்றாலே ஆக்ஸிடெண்டு. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஆக்ஸிடெண்டு, ஸ்டேஷனில் கேட்டால் ஆக்ஸிடெண்டு, பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து "பேசி முடிச்சாச்சு". ஆலை விபத்தில் இந்தப் பழக்கம் எத்தனை குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்தைக் குறைத்திருக்கிறது என்பது தனிக் கதை. திராவகம் ஊற்றப்பட்ட பெண்ணுக்கு இது வழக்கையே கொன்றுவிடும். இந்த அத்தியாயத்தில் பிரிவு எண்களும் தொகைகளும் வரும்; ஆனால் நான் சொல்ல வருவது அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான்.

தண்ணீர்

பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பாடம் கையிலேயே ஊறியிருக்கும். அலுமினியத் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றாதே, மணலைப் போடு. ஆலைத் தரைக்கு அது சரி. மனுஷ உடம்பில் திராவகம் பட்டால் தண்ணீர்தான் மருந்து. குழாயைத் திறந்து, அல்லது குடம் குடமாக, இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் ஓடவிடுங்கள். வாளியில் முக்கக் கூடாது. தண்ணீர் பட்டு ஓடி வெளியேற வேண்டும், அதுவும் முகத்திலிருந்து நல்ல கண்ணுக்குப் போகாதபடி தலையைச் சாய்த்து. நனைந்த துணி, கொலுசு, சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள். தோசை மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். எரிச்சலை அடக்க சோடா மாவு, சுண்ணாம்பு என்று யாராவது படித்தவரே சொன்னாலும் வேண்டாம். திராவகத்தோடு சேர்ந்து அவை சூடு கிளப்பும்.

கழற்றிய துணியை அலசிப் போடாதீர்கள். வீட்டில் மற்றவர்கள் பதற்றத்தில் முதலில் செய்வது இதைத்தான், தரையையும் கழுவிவிடுவார்கள். துணியை நிழலில் உலரவிட்டு, காகிதத்தில் சுற்றி வையுங்கள். பாட்டிலோ மக்கோ எது கிடந்தாலும் கை படாமல் அப்படியே கிடக்கட்டும், போலீஸ் வந்து மகஜர் எழுதி எடுக்கட்டும். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றத்தில் தடயவியல் ஆட்கள் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. "லேப்புக்கு ஆள் எப்ப வருவாங்க சார்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

108-ஐக் கூப்பிட்டு எந்த ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே போங்கள். தனியார் ஆஸ்பத்திரி என்று தயங்க வேண்டாம். திராவக வீச்சில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா மருத்துவமனையும் உடனடியாக இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும், போலீசுக்கும் தகவல் சொல்ல வேண்டும். இது நடைமுறைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவு. மறுத்தால் பொறுப்பானவருக்கு ஒரு வருஷம் வரை சிறை. 2015 ஏப்ரல் 10-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. இலவசம் என்பது கட்டுப்போட்டு அனுப்புவதோடு நிற்பதில்லை, மருந்து, படுக்கை, சாப்பாடு, ஒட்டறுவை சிகிச்சை வரை அதில் சேரும் என்றது. முதலில் பார்த்த ஆஸ்பத்திரி, 'இவர் திராவகத் தாக்குதலுக்கு ஆளானவர்' என்று ஒரு சான்றிதழும் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் மதுரைக்கோ சென்னைக்கோ போகும்போது கவுண்டரில் வாதாடாமல் நீட்ட அந்த ஒரு தாள் போதும்.

ஏ.ஆர். காப்பி

காயத்தோடு வந்தவரைப் பற்றி டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். விபத்துப் பதிவேடு என்று பெயர், எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். எப்போது, எங்கே, யாரால், எதனால் என்று மூன்று நான்கு வரி. பின்னால் வரப்போகும் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதப்படுவது அதுதான்.

சட்டப் பணிகள் தன்னார்வலராக நான் பார்த்த ஒரு பெண். ஊர் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். முகத்தின் இடது பாதி கட்டுக்குள் இருந்தது. கழுத்து வழியாக மாரில் இறங்கிய இரண்டு கோடுகள் கட்டுக்கு வெளியே தெரிந்தன, மெழுகு வழிந்த மாதிரி. ஏ.ஆர். காப்பியில் 'கழிப்பறை சுத்தம் செய்கையில் தவறிச் சிந்தியதாகக் கூறப்படுகிறது' என்று இருந்தது.

"தாயி, டாக்டர் கேட்டப்ப நீ என்ன சொன்ன?"

"நான் எங்கக்கா சொன்னேன். வாயெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. எங்க அத்தைதான் பக்கத்துல நின்னு பதில் சொன்னாங்க."

ஊற்றியவன் அந்த அத்தையின் மகன். பிற்பாடு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே இரண்டு நாள் குறுக்கு விசாரணை நடத்தினார்.

ஆகவே, கூட வந்திருப்பவர் யாராக இருந்தாலும், பதில் பாதிக்கப்பட்டவர் வாயிலிருந்து வர வேண்டும். பேச முடியாவிட்டால் கையசைப்பு போதும்; அதை அப்படியே எழுதச் சொல்லலாம். புருஷன் வீட்டார் தூக்கிக்கொண்டு வந்திருந்தால், அவர்களைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லும்படி நர்ஸிடம் காதோடு சொல்லுங்கள். யார் ஊற்றியது, அவன் பெயர், என்ன உறவு என்பது எழுத்தில் ஏற வேண்டும். தப்பாக எழுதிவிட்டார்கள் என்று தெரிந்த உடனே, அன்றைக்கே, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தைத் தனியாகப் பதியச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் "யோசிச்சு சொல்லிக் கொடுத்த கதை" என்பார்கள்.

காயத்தின் வடிவத்தையும் டாக்டரிடம் குறிக்கச் சொல்லுங்கள். தானாகச் சிந்தினால் கால், கை, விழுந்த பக்கம் வேகும். எதிரே நின்று வீசினால் முகத்தில் பட்டுத் தெறித்து, கீழே வழிந்த தடம் விழும். அந்தக் கோடுகள் பொய் சொல்வதில்லை. யாராவது எழுதி வைத்தால்தான் அவை கோர்ட்டுக்கு வரும்.

நிலைமை மோசம் என்றால் குற்றவியல் நடுவரை வரவழைத்து மரண வாக்குமூலம் வாங்கச் சொல்ல வேண்டும். அபசகுனமாகப் பேசுகிறாயே என்று வீட்டார் கோபப்படுவார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: பிழைத்துக்கொண்டால் அதுவே நடுவர் பதிந்த வாக்குமூலமாக வழக்குக்கு உதவும். எழுதியதால் யாரும் செத்ததில்லை.

எந்தப் பிரிவு

1992-இல் சென்னையில் ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்திரலேகா முகத்தில் திராவகம் வீசப்பட்டபோது அதற்கென்று தனிக் குற்றம் சட்டத்தில் இல்லை. கத்திக்குத்தையும் அரிக்கும் பொருளையும் ஒரே பிரிவில் கட்டி வைத்திருந்தார்கள். தனிப் பிரிவு வந்தது 2013 பிப்ரவரி 3-இல், டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு போட்ட அவசரச் சட்டத்தில். வினோதினி இறப்பதற்கு ஒன்பது நாள் முந்தி. ஆதம்பாக்கம் வித்யா மீது ஊற்றப்பட்டது ஜனவரி 30, அதாவது நான்கே நாள் வித்தியாசம். அவரும் அந்தப் பிப்ரவரியிலேயே இறந்தார். குற்றம் நடந்த அன்று இல்லாத பிரிவில் யாரையும் தண்டிக்க முடியாது. வினோதினியைத் தாக்கியவனுக்கு அந்த ஆகஸ்ட்டில் காரைக்கால் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அது கொலை வழக்கில்.

அப்போது வந்தவை இந்திய தண்டனைச் சட்டத்தின் 326-ஏ, 326-பி. 2024 ஜூலை 1-இலிருந்து அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 124-ஆம் பிரிவு இருக்கிறது. பெயர் வாயில் நுழைய இன்னும் பத்து வருஷம் ஆகும். ஸ்டேஷனில் இன்றும் "326-ஏ" என்றுதான் சொல்வார்கள். சம்பவம் அந்தத் தேதிக்கு முந்தி நடந்திருந்தால் பழைய எண், பிறகு என்றால் புதிய எண்.

124(1) காயம் உண்டாக்கியதற்கு. குறைந்தது 10 வருஷம், கூடினால் ஆயுள். அபராதமும் உண்டு, அது சிகிச்சைச் செலவுக்கு ஈடுகட்டும் அளவுக்கு இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் கைக்குப் போக வேண்டும். 124(2) வீசியதற்கு, வீச முயன்றதற்கு. குறி தப்பிச் சுவரில் பட்டாலும் 5 முதல் 7 வருஷம். "மேல படலியேம்மா, விட்டுருங்க" என்று சமாதானம் சொல்பவர்களிடம் இந்த இரண்டாவது உட்பிரிவைச் சொல்லுங்கள். ஊற்றினால்தான் என்றில்லை, குடிக்க வைத்தாலும் இதே குற்றம். பெண்ணுக்கு மட்டும் என்றும் இல்லை. ஆண், திருநங்கை, குழந்தை எவர் மீது பட்டாலும் பொருந்தும்.

எது திராவகம்? கந்தகமும் வெடியுப்பும் நமக்குக் கைப்பழக்கமான சரக்குகள். முன்னதன் பெயரில் கந்தகத் திராவகம், பேட்டரியில் இருப்பது. பின்னதன் பெயரில் வெடியுப்புத் திராவகம், நகைப் பட்டறையில் இருப்பது. கழிப்பறைக்கு வாங்குவது உப்புத் திராவகம். சட்டம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கவில்லை. அமிலத் தன்மையோ அரிக்கும் தன்மையோ எரிக்கும் தன்மையோ உடைய, தழும்பையோ உருச்சிதைவையோ ஊனத்தையோ உண்டாக்கக்கூடிய எந்தப் பொருளும் 'ஆசிட்'தான். காஸ்டிக் சோடா வேதியியலில் காரம். இந்தப் பிரிவில் ஆசிட். காயம் ஆறிவிடும், சரிசெய்துவிடலாம் என்பதும் எதிரிக்குத் தப்பிக்க வழி ஆகாது.

எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். வாங்கியதும் முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். 118(1) என்று மட்டும் போட்டிருந்தால் உஷாராகுங்கள். அபாயகரமான ஆயுதத்தாலோ அரிக்கும் பொருளாலோ காயம் ஏற்படுத்துவது என்ற பொதுப் பிரிவு அது. மூன்று வருஷம் வரைதான் தண்டனை. 124 சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள். கொல்லும் நோக்கம் தெரிந்தால் 109, இறந்துவிட்டால் 103(1), புருஷன் வீட்டுக் கொடுமை என்றால் 85 கூடவே வரும்.

எல்லை எங்களுடையது இல்லை என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது. எங்கே கொடுத்தாலும் பதிந்து மாற்ற வேண்டும். பெண் தகவல் கொடுத்தால் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். வெறும் சி.எஸ்.ஆர். ரசீதை நீட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இந்தக் குற்றத்தில் எப்.ஐ.ஆர். போட மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் என்று 199-ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் நடுவர் நீதிமன்றம்.

ஊற்றுவதற்கு முன்னால் மிரட்டல் இருக்கும். "மூஞ்சியில ஊத்திருவேன், எவன் கட்டுறான்னு பார்ப்போம்" என்பதைப் பலர் வாய்ச்சண்டையாகத் தள்ளிவிடுகிறார்கள். கொடுங்காயம் உண்டாக்குவேன் என்ற மிரட்டலுக்கு 351(3)-இன் கீழ் ஏழு வருஷம் வரை சிறை உண்டு. வாட்ஸ்அப் குரல் பதிவை அழிக்காதீர்கள். புருஷன் என்றால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். 2023 மார்ச் 23 அன்று கோவை நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே, வழக்குக்காக வந்த பெண் மீது புருஷன் திராவகத்தை ஊற்றினான். சில வாரங்களில் அவர் இறந்தார். வாய்தாவுக்குத் தனியாகப் போகாதீர்கள். பயம் இருந்தால் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனுப் போடுங்கள். கடைசியாக ஒன்று: திராவகம் வீச வருபவனைத் தடுக்கையில் அவன் உயிரே போனாலும் அது தற்காப்பு என்று 38-ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது.

பணம்

எதிரியிடம் அபராதம் கட்டக் காசு இருக்காது. இருந்தாலும் தீர்ப்பு வர வருஷங்கள் ஆகும். ஆகவே அரசு தரும் இழப்பீட்டை நம்பித்தான் சிகிச்சை நடக்கும். அது அபராதத்துக்கு மேல் தனியாகக் கிடைப்பது. ஒன்று வந்தால் இன்னொன்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்கு வழி திறந்தவர் டெல்லி லக்ஷ்மி. 2005-இல் 15 வயதில் தாக்கப்பட்டவர். அவர் தொடுத்த வழக்கில்தான் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் குறைந்தது 3 லட்சம் என்று வகுத்தது: தகவல் வந்த 15 நாளுக்குள் 1 லட்சம், அடுத்த இரண்டு மாதத்துக்குள் 2 லட்சம். தேசிய சட்டப் பணிகள் ஆணையம் பெண்களுக்காக வகுத்த 2018 திட்டத்தில் தொகை கூடியது. முகம் சிதைந்திருந்தால் 7 முதல் 8 லட்சம். காயம் 50 சதவீதத்துக்கு மேல் என்றால் 5 முதல் 8, அதற்குக் கீழே 3 முதல் 5, 20 சதவீதத்துக்கும் கீழே என்றால் 3 முதல் 4. சிறுமி என்றால் இதில் பாதி இன்னும் சேரும். ஆணுக்கு இந்தத் திட்டம் இல்லை, ஆனால் மாநிலத்தின் பொதுவான பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் உண்டு. இவை போக, பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்து 1 லட்சம் கேட்கலாம்.

மனுவைக் கொடுக்க வேண்டிய இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று ஒரு நாள் கூலியைத் தொலைத்தவர்கள் உண்டு; மாவட்டத் தலைநகர் விருதுநகர், மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூர். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கொடுக்கலாம், 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம். எப்.ஐ.ஆர். நகல், ஏ.ஆர். காப்பி, மருத்துவச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். குற்றவாளி பிடிபட வேண்டும், தண்டனை வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மூன்று வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். தொகை போதவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநில ஆணைக்குழுவுக்கு மேல்முறையீடு. இலவச வக்கீலும் அங்கேயே கிடைப்பார். பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

வரும் பணத்தில் பெரும் பகுதியை, 75 சதவீதத்தை, வைப்புநிதியில் போட்டுவிடுவார்கள். உறவுக்காரர்கள் பிடுங்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒட்டறுவை சிகிச்சை காத்திருக்காது. டாக்டர் கடிதத்தோடு கேட்டால் முன்கூட்டியே எடுக்க அனுமதி உண்டு. இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை.

பேசி முடிப்பது

124-ஆம் பிரிவு சமரசத்துக்குரிய குற்றம் இல்லை. பஞ்சாயத்தில் எவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்து எழுதினாலும் வழக்கு முடியாது. நடப்பது வேறு. பணத்தை வாங்கிக்கொண்டு சாட்சிக்கூண்டில் "யார் ஊத்தினதுன்னு தெரியல" என்று சொல்ல வைப்பார்கள். ஆலை விபத்தில் பழகிய அதே தரகர்கள், அதே வெற்றுப் பத்திரம். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம். பொய்ச் சாட்சிக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டி வரும் என்பதையும் அந்தப் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள்.

வழக்கை அரசு வக்கீல் நடத்துவார்; உங்கள் வக்கீலும் அவருக்குத் துணையாக நிற்கலாம். எதிரி ஜாமீன் கேட்டால் உங்களையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை உண்டு என்று 2022-இல் லக்கிம்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. விடுதலையானாலோ, சிறிய பிரிவில் தண்டித்தாலோ, இழப்பீடு குறைந்தாலோ நீங்களே மேல்முறையீடு செய்யலாம். தண்டனை வருஷம் போதாது என்பதற்கு மட்டும் அரசுதான் போக வேண்டும்.

தூக்கு கிடைக்குமா என்று வார்டில் எல்லோரும் கேட்பார்கள். 124-இல் தூக்கு இல்லை. மும்பை பாந்த்ரா ரயில் நிலையத்தில் 2013 மே மாதம் ஒரு செவிலியர் தாக்கப்பட்டு இறந்த வழக்கில், 2016-இல் மரண தண்டனை விதித்தார்கள், அதுவும் கொலைக்குத்தான். 2019-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. வங்கதேசம் 2002-இல் மரண தண்டனை வரை வைத்துச் சட்டம் போட்டது. கூடவே விற்பனையைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம், 90 நாளில் விசாரணை முடிக்கத் தீர்ப்பாயம் என்றும் வைத்தது. அங்கே தாக்குதல்கள் குறைந்ததற்கு, கயிற்றைவிட அந்தக் கடைக் கட்டுப்பாடுதான் முக்கியம் என்பது என் கட்சி.

கடை

"அண்ணாச்சி, ஆசிட் ஒரு லிட்டர்."

"பாட்டில் கொண்டாந்தியா?"

நம் ஊர்க் கடையில் கேட்கப்படும் ஒரே கேள்வி இதுதான். மூன்று சக்கர வண்டியில் பினாயிலோடு தெருவில் வருபவர் அதையும் கேட்பதில்லை. குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி அவரே கொடுத்துவிடுவார். ஒரு கிலோ வெடியுப்புக்குக் கணக்கு எழுத வேண்டிய ஊரில் இப்படி. லக்ஷ்மி வழக்கில் வந்த அந்த 2013 உத்தரவுப்படி, வாங்குபவரின் முகவரியுள்ள புகைப்பட அடையாள அட்டை, எதற்கு வாங்குகிறார், எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதாமல் விற்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கவே கூடாது. இருப்பைக் கோட்டாட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். பதிவேடு இல்லாத கடையைக் கோட்டாட்சியருக்கு எழுதிக் கொடுங்கள். தாக்குதல் நடந்த பின் என்றால், அந்தக் கடைக்காரரைச் சாட்சியாக்கச் சொல்லி விசாரணை அதிகாரியைக் கேளுங்கள். முந்தின நாள் போய் வாங்கி வைத்தான் என்ற ஒரு வரி, 'தவறிச் சிந்தியது' என்ற கதையை உடைத்துவிடும்.

பிறகு

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் திராவகத் தாக்குதலுக்கு ஆளானவர்களையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில், கைகால் இயக்கக் குறைபாட்டுக்கான 1 சதவீதத்துக்குள் இவர்களும் வருகிறார்கள். அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஆஸ்பத்திரி தந்த அந்தச் சான்றிதழ் இங்கே மறுபடி உதவும். ஒரு ஓட்டை உண்டு. அந்தச் சட்டம் 'வீசப்பட்டு உருச்சிதைந்தவர்' என்றுதான் வரையறுக்கிறது. குடிக்க வைக்கப்பட்டு உணவுக்குழாய் வெந்தவர்களுக்கு வெளியே தழும்பு இல்லை. அவர்களுக்கும் தண்டனைச் சட்டம் உண்டு, இழப்பீடு உண்டு. அட்டை வாங்கும்போது மட்டும் சிக்கல். அவர்கள் அறுவை சிகிச்சைக் குறிப்புகள் முழுவதையும் கொண்டு போக வேண்டும்.

காகிதங்களை ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். அசல் ஒன்று, நகல் மூன்று. ஆதாரில் பழைய முகம் இருக்கும். கைரேகையும் கருவிழியும் பொருந்தாது. விதிவிலக்குப் பதிவு என்று ஒன்று உண்டு, ஆதார் மையத்தில் அதைக் கேளுங்கள். இழப்பீடு வரவேண்டிய வங்கிக் கணக்கைத் திறக்கப் போனால், செல்போனைக் காட்டி "கண்ணை ஒருதடவை சிமிட்டுங்க" என்பார்கள். இமையே இல்லாதவரிடம். இந்தக் கேள்வியை எதிர்த்து இப்படிப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில்தான் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், கே.ஒய்.சி.க்குச் சிமிட்டல் அல்லாத மாற்று வழியும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தேதியைச் சொல்லுங்கள். அதன் பிறகும் "சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது" என்றால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் நேரத்தையும் அந்த ஊழியரின் பெயரையும் குறித்துக்கொண்டு, கவுண்டரில் நின்றபடியே 15100-ஐக் கூப்பிடுங்கள்.